மக்காச்சோளத்துக்குள் ஒரு டிஷ்

பாப்பாத்தி கேட்டது கம்பி ஆன்டெனா. ஒரு காலத்தில் ஓட்டு வீடு, மாடி வீடு என்று பார்க்காமல் எல்லாக் கூரைமேலும் மீன்முள் மாதிரி நின்றுகொண்டிருந்ததே, அதுதான். மாதாமாதம் யாருக்கும் கட்ட வேண்டாம், யார் போனிலிருந்தும் ரீசார்ஜ் செய்ய வேண்டாம், நட்டு வைத்தால் சும்மாவே படம் வரும் என்று அவள் மனதில் பதிந்திருந்தது. சின்னசேலம் கடைத்தெருவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் செழியன், கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“அது இப்ப எங்கம்மா கெடைக்குது? கெடைச்சாலும் காக்கா உக்காரத்தான் ஆவும். அதுக்குப் படம் அனுப்பிக்கினு இருந்த டவரையெல்லாம் எப்பவோ மூடிட்டாங்க.”

“அப்ப சும்மா வர்ற டிவின்னு எதுவுமே இல்லியா?”

“ஏன் இல்ல? கவர்மெண்டு டிஷ்ஷு இருக்குது. ஒருவாட்டி வாங்கி மாட்டிட்டா அப்புறம் ஒண்ணும் கட்ட வாணாம். வானத்துலேர்ந்து நேரா வரும்.”

“பயிரு பச்சையப் பத்தி சொல்லுவாங்களே, அந்த கவர்மெண்டு சேனல் வருமா?”

“அதான் மொதல்ல வரும்.”

சுவரில் சாய்த்து வைத்திருந்த தட்டுகளில் இரண்டை எடுத்து வெளியே போட்டான். ஒன்று சின்னது, ஒன்று கொஞ்சம் பெரியது. எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு, பெரியதைத் தட்டிக் காட்டினான். மலையடிவாரத்தில் மழை ஜாஸ்தி, சின்னது வைத்தால் தூறலுக்கே படம் உடையும், பெரியது கொஞ்சம் தாங்கும் என்றான். பாப்பாத்தி அந்தப் பெரிய தட்டைப் பார்த்து மிரண்டுபோனாள். விலைக்கு மிரளவில்லை. சொசைட்டிக்குப் பால் ஊற்றிச் சேர்த்த காசு முந்தானையில் இருந்தது. அகலத்தைப் பார்த்துத்தான் மிரண்டாள்.

“இத வூட்டுக்குள்ள வைக்க முடியாதா? கட்டிலுக்கு அடியில எங்கனா?”

செழியன் சிரித்துவிட்டான். “இது வானத்தப் பாக்கணும்மா. கட்டிலுக்கு அடியில வச்சா கட்டில்தான் தெரியும்.”

பாப்பாத்திக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய கஷ்டமே அதுதான். பெட்டிக்குள் வைக்கிற சாமானை மறைக்கலாம், அடுப்பில் வேகிறதைக்கூட மூடி வைக்கலாம். வெளியே மாட்டுகிற தட்டு இருக்கிறதே, அது இந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்பதை ஊருக்கே சொல்லிவிடும். கூரைமேல் ஏறிவிட்ட பொருளை மறைக்க முந்தானை கிடையாது.

அவள் வீட்டில் டிவி ஓடி மூன்று வருஷம் ஆகிறது. மகள் கோகிலவாணி வேளாண்மைப் படிப்பு முடித்த கையோடு, கூடப் படித்த தமிழ்வேந்தனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தமிழ்வேந்தன் படித்த பையன், குடிக்காத பையன், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பையன். ஆனால் காலனிப் பையன். பாப்பாத்தியின் புருஷன் செல்லமுத்துவுக்கு முதல் மூன்றும் காதில் ஏறவில்லை. கிணற்றில் இறங்கித் தலைமுழுகினார். அதோடு விட்டாரா? மகளின் காலேஜ் போட்டோவைக் கொடுத்துக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து பஸ் நிறுத்தத்தில் கட்டினார். பதினாறாம் நாள் வாசலில் பந்தல் போட்டுக் கருமாதி செய்தார். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு! ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. “இது இன்னா கூத்து செல்லமுத்து” என்று கேட்க அந்தப் பந்தியில் ஒரு வாய்கூட இல்லை. வடை நன்றாக இருக்கிறது என்று மட்டும் இரண்டு பேர் சொன்னார்கள்.

அந்த வடையைச் சுட்டவள் பாப்பாத்திதான். அழுதுகொண்டே சுட்டாள் என்பது உண்மை. ஆனாலும் சுட்டாள்.

சாவு வீட்டில் டிவி போடுவதில்லை. அன்று கேபிள் ஒயரை அறுத்த செல்லமுத்து பதினாறு கழிந்தும் அதை ஒட்ட வைக்கவில்லை. கேட்கிற தைரியம் பாப்பாத்திக்கும் இல்லை. பெரிய டிவி மேல் ஒரு பழைய புடவை கிடந்தது, அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை ரேஷன் கடை வரிசையில் தைலம்மாள் அவள் காதோடு சொன்னாள். “அக்கா, உன் பொண்ணு டிவில வருது. புதன்கெழம புதன்கெழம அஞ்சரை மணிக்கு. மக்காச்சோளத்துல புழு விழுதே, அதுக்கு வைத்தியம் சொல்லுது. நாலு வாரமா நாங்க பாத்துக்கினுதான் இருக்கறோம்.”

பாப்பாத்திக்குக் கையிலிருந்த பை நழுவியது. தைலம்மாள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

“மாசமா இருக்குதுக்கா. ஏழு இருக்கும்னு நெனைக்கிறேன். வர்ற புதனோட சரி, அப்புறம் நான் வர மாட்டேன், வேற ஆபீசர் வருவார்னு அதுவே சொல்லிச்சி.”

“எந்த ஊர்ல இருக்குதாம்?”

“அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?” என்று தைலம்மாள் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மனசு கேட்காமல், “எங்க வூட்டுக்கு வாயேன், சேந்து பாக்கலாம்” என்றாள்.

போயிருக்கலாம். ஆனால் தைலம்மாள் வீட்டில் அந்த நேரத்துக்கு ஆறு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆறு பேரும் டிவியைப் பார்க்க மாட்டார்கள், பாப்பாத்தியின் மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள். செத்துப்போன பெண்ணைப் பெற்றவள் அதை உயிரோடு பார்க்கும்போது எப்படி அழுகிறாள் என்று மறுநாள் களை எடுக்கிற இடத்தில் கதை நடக்கும். வீட்டில் இருந்த ஒரே பெரிய போன் செல்லமுத்துவின் சட்டைப் பையில் இருந்தது. பாப்பாத்தியிடம் இருந்தது பட்டன் போன். அதில் பேசலாம், டார்ச் அடிக்கலாம்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், கோகிலவாணி சொன்ன வைத்தியத்தை ஊரே செய்துகொண்டிருந்தது. கருமாதிச் சோறு தின்றவர்களெல்லாம் செத்தவள் சொன்ன மருந்தை வாங்கி அடித்தார்கள், அவர்கள் சோளமெல்லாம் தேறிவிட்டது. பெற்ற அப்பனின் இரண்டு ஏக்கர் மட்டும் இலை இலையாகச் சல்லடை ஆகிக்கொண்டிருந்தது. அவரிடம் போய் யார் சொல்வது?

“கம்பெனி பேர் எதுவும் எழுதாத தட்டு ஒண்ணு குடுப்பா,” என்றாள் பாப்பாத்தி. “பெருசே குடு. வூட்டுக்கு இல்ல. சோளக்கொல்லையில வைக்கணும்.”

*

திங்கட்கிழமை செல்லமுத்து கள்ளக்குறிச்சிக்குப் போனார். செழியன் வண்டியில் தட்டையும் பெட்டியையும் கட்டிக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டான். பாப்பாத்தி அதற்கு முன்பே வந்திருந்தாள். பரணில் கிடந்த, அரசாங்கம் எப்போதோ கொடுத்த இலவச டிவியைக் கூடையில் வைத்து, மேலே புல்லைப் பரப்பித் தலையில் சுமந்து வந்திருந்தாள். வழியில் பக்கத்துக் கொல்லைச் சின்னராசு, “இன்னா பெரியம்மா, பச்சைப்புல்லுக்கு இந்தத் தள்ளாட்டம் தள்ளாடுற?” என்று கேட்டதற்கு, வாய்க்கால் தண்ணீரில் நனைந்த புல் என்று சொல்லித் தப்பித்தாள்.

மோட்டார் கொட்டாயின் கூரைமேல் வைத்தால் படம் கண்ணாடி மாதிரி வரும் என்றான் செழியன்.

“ரோட்டுக்குத் தெரியுமே.”

“தெரியும்தான்.”

“தெரியக்கூடாது.”

செழியன் அவளைப் பார்த்தான். கூடையிலிருந்த டிவியைப் பார்த்தான். நெஞ்சு உயரத்துக்கு நின்றிருந்த சோளத்துக்குள் நுழைந்து, கொட்டாய்க்குப் பத்தடி தள்ளி ஒரு குட்டைக் குழாயை அடித்து இறக்கி, அதில் தட்டை மாட்டினான். தென்கிழக்கே பார்த்துத் திருப்பினான். எதிரே நின்ற நாலு பயிரைப் பிடுங்க வேண்டியிருந்தது. விவசாயி வீட்டுப் பையன்தான் அவனும், பிடுங்கிய பயிரைக் கீழே போட மனம் இல்லாமல் வரப்பில் அடுக்கி வைத்தான். அரை மணி நேரம் அப்படித் திருப்பி இப்படித் திருப்பி ஒருவழியாகப் படம் வந்தது. யாரோ ஒரு பெண் வீணை வாசித்துக்கொண்டிருந்தாள்.

“எந்த நம்பர அமுக்கணும்னு இந்த அட்டையில எழுதி வச்சிருக்கேன். தட்டுக்கு முன்னாடி ஒண்ணும் நிக்கக்கூடாதும்மா. மாடு வந்து மூஞ்சிய வச்சாக்கூட படம் போயிடும்.”

“மாட்டக் கட்டிப் போட்டுடுவேன்,” என்றாள் பாப்பாத்தி.

*

புதன்கிழமை கோயில் திருப்பணிக் கூட்டம் இருக்கிறது, வர இருட்டிவிடும் என்று செல்லமுத்து காலையிலேயே சொல்லியிருந்தார். பாப்பாத்தி நாலரைக்கே அரிவாளும் கையுமாகக் கொல்லைக்குப் போய்விட்டாள். கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்துக் கிடந்தது. மழை மட்டும் வந்துவிடக் கூடாது என்று அவள் வேண்டாத சாமி இல்லை. ஊரே மழைக்கு ஏங்குகிற மாசத்தில், அவள் ஒருத்தி மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டாள்.

மழை வரவில்லை. அஞ்சரை மணிக்குச் சரியாக ஒரு பாட்டு போட்டார்கள், ஏர், டிராக்டர், நெல் என்று காட்டினார்கள். பிறகு கோகிலவாணி வந்தாள்.

பாப்பாத்தி உரமூட்டை மேல் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். பச்சைப் புடவை. கழுத்தில் சதை போட்டிருந்தது. அதே மூக்குத்தி. மேசைக்குப் பின்னால் உட்காராமல் ஒரு சோளக்கொல்லை ஓரமாக நின்று பேசினாள். பேசும்போது ஒரு கை தானாகப் போய் வயிற்றின்மேல் உட்கார்ந்தது. யார் இவளுக்கு வாய்க்கு வேண்டியதைச் செய்து கொடுக்கிறார்கள்? புளிப்பு கேட்டாளா, சாம்பல் கேட்டாளா? ராத்திரி கால் வலித்தால் யார் பிடித்து விடுகிறார்கள்?

“வணக்கம். போன வாரம் சொன்ன மாதிரி, மருந்தை இலைமேல அடிச்சிட்டுப் போயிடாதீங்க…”

கீழே எழுத்து வந்தது. பாப்பாத்தி அஞ்சாவது வரைக்கும் நைனார்பாளையத்தில் படித்தவள். டிவிக்கு ஒரு சாண் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். கோகிலவாணி தமிழ்வேந்தன். வேளாண்மை அலுவலர். உளுந்தூர்பேட்டை.

உளுந்தூர்பேட்டையா?

சென்னையில் இருப்பாள், பெங்களூரில் இருப்பாள், கண்காணாத எங்கேயோ இருப்பாள் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த பெண், காலையில் பஸ் ஏறினால் சோற்று வேளைக்கு முன் போய்ச் சேருகிற ஊரில் இருந்தாள். பாப்பாத்தி அதை மறுபடி ஒருமுறை படிக்கப் போனாள். அதற்குள் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மகளின் கன்னம் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் போயின. பிறகு திரை முழுக்க நீலமாகி, இங்கிலீஷில் என்னவோ எழுதிக்கொண்டு நின்றது.

மாடுதான் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்துக் கையில் கிடைத்த குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மாடு இல்லை. செல்லமுத்து. கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை போலிருக்கிறது, மருந்து அடிக்கலாம் என்று தெளிப்பான் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். தட்டின்மேல் அப்படியே குனிந்து, அது என்ன சனியன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடி இது? எவன் கொண்டாந்து நட்டான் என் நெலத்துல?”

“நகருங்க.”

“இன்னா?”

“முன்னாடி நின்னா படம் வராது. கொஞ்சம் நகருங்க.”

“இன்னா படம்?”

“டிவில கோகிலா வருது. நகருங்க!”

அந்தப் பெயரை அந்தக் குடும்பத்தில் யாரும் வாயால் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. செல்லமுத்து நிமிர்ந்தார். தட்டைப் பார்த்தார், அதிலிருந்து கொட்டாய்க்குப் போகிற ஒயரைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. நகர்ந்திருந்தால் அவர் மனுஷர். தட்டை ஒட்டி, அதன் முகத்தை அடைத்துக்கொண்டு நன்றாக நின்றார். இதுவரை தெரியாமல் நின்றவர் இப்போது தெரிந்தே நின்றார்.

பாப்பாத்தி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். மருந்து டேங்கோடு சேர்த்து அவரை அசைக்க அவளால் முடியவில்லை. “நகருய்யா!” என்று கத்தினாள். முப்பத்திரண்டு வருஷமாகச் சொன்ன ‘ங்க’ அந்த இடத்தில் சோளத்துக்குள் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க அவளுக்கு நேரம் இல்லை. உள்ளே ஓடினாள், நீலம். வெளியே ஓடிவந்தாள், அவர் நின்றிருந்தார். மறுபடி உள்ளே ஓடியபோது ஒரு நொடி குரல் மட்டும் வந்தது. “…குருத்துக்குள்ள இறங்கணும்.” பிறகு அதுவும் போயிற்று.

அவர் நகர்ந்தபோது டிவியில் யாரோ சோப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பாப்பாத்தி மெதுவாக வெளியே வந்தாள். மூச்சு இரைத்தது. “உளுந்தூர்பேட்டையிலயா இருக்குது அது?”

செல்லமுத்து டேங்கை இறக்கி வைத்து அதன் வாரை என்னவோ சரிசெய்தார்.

“உனக்குத் தெரியுமா?”

அவர் வாரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. போன வைகாசியில் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். உளுந்தூர்பேட்டை வழியாக நேராகப் போகிற பஸ் காலியாக வந்து நின்றது. அதை விட்டுவிட்டு, திருக்கோயிலூரைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்தில் நின்றபடியே அவளை அழைத்துப் போனார். அந்தப் பக்கம் ரோடு வேலை நடக்கிறது என்றார். எந்த வேலையும் நடக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சோறு போட்டவருக்கு, அவள் எந்த ஊரில் உயிரோடு இருக்கிறாள் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. தைலம்மாளுக்கும் தெரிந்திருக்கும். ஊரில் தெரியாதவள் பெற்றவள் ஒருத்திதான்.

“நாளைக்கு நான் வர்றதுக்குள்ள இந்தத் தட்டு இங்க இருக்கக்கூடாது,” என்றார் செல்லமுத்து.

“இருக்காது. எனக்கு இனிமே இது வாணாம்.”

செல்லமுத்துவுக்கு அது பணிந்துபோன பேச்சாகக் கேட்டது. அவருக்கு எப்போதும் அப்படித்தான் கேட்கும். மருந்தை எடுத்து வழக்கம்போல இலைமேலேயே அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

*

காலையில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று மூன்று வாசனை வீட்டை அடைத்தது. செல்லமுத்து வேப்பங்குச்சியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். பாப்பாத்தி தலைக்கு ஊற்றி, பட்டு இல்லாவிட்டாலும் நல்ல புடவையாகக் கட்டியிருந்தாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“உளுந்தூர்பேட்டைக்கு. ஏழாம் மாசம் நடக்குது. தாய் வூட்டுச் சோறு போவணும்.”

“போனா அங்கியே இருந்துக்கோ. இந்த வாசப்படி மிதிக்காத.”

“உங்களுக்குச் சோறு எடுத்து வச்சிருக்கேன்,” என்றாள். தூக்குச்சட்டிகளைப் பையில் அடுக்கினாள். அவர் அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் குச்சியைத் துப்பிவிட்டு அப்படியே நின்றார். அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

சின்னசேலத்தில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினாள். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறினாள். அதுவரைக்கும் கோபம் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ் நகர்ந்ததும் கோபம் இறங்கி, பயம் ஏறிக்கொண்டது. கோகிலா என்ன கேட்பாள்? இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்பாள். தெரியாது, யாரும் சொல்லவில்லை என்று சொல்லலாம். இப்போது மட்டும் ஏன் வந்தாய் என்று கேட்பாள். வயிற்றைப் பார்த்தேன், இருக்க முடியவில்லை என்று சொல்லலாம். என் கருமாதிக்கு வடை சுட்டாயாமே என்று கேட்டால்? அதற்குத் தியாகதுருகம் தாண்டியும் பதில் கிடைக்கவில்லை. காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்தாள். பெற்ற பெண்ணின் காலில் விழுந்தால் என்ன, குறைந்தா போய்விடும்?

வேளாண்மை ஆபீசைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வெளியே உளுந்து விதை மூட்டைகள் அடுக்கியிருந்தன. உள்ளே ஆறேழு விவசாயிகள் ஆதார் அட்டையும் சிட்டா நகலும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசையின் முனையில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் கோகிலவாணி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

நேராகப் போகப் பாப்பாத்திக்குக் கால் வரவில்லை. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைசி ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டு விலகினார். நடுவில் யாரும் இல்லை.

“என்ன பயிரும்மா?” என்றாள் கோகிலவாணி, நிமிராமல்.

பாப்பாத்தி மேசைக்கு முன்னால் வந்தாள். “சோளம்,” என்றாள்.

பேனா நின்றது. கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, தட்டுத் தடுமாறி எழுந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் பதில் தேடி வைத்த கேள்வி எதையும் அவள் கேட்கவில்லை.

“அப்பாவுக்கு இன்னாம்மா ஆச்சி?” என்று ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள்.

பாப்பாத்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் செத்தால்தான் அம்மா இங்கே வருவாள் என்று மூன்று வருஷமாக இந்தப் பெண் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சேதிக்குப் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

“ஒண்ணும் ஆவலடி. நல்லாருக்காரு. நான்தான் வந்தேன், உன்னப் பாக்க.”

“பொய் சொல்லாத. எங்கிட்ட மறைக்காத. எப்பம்மா ஆச்சி?”

பாப்பாத்தி மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். பை கீழே சாய்ந்து, தூக்குச்சட்டி உருண்டது. யாரோ அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார்கள். மகளின் தலையில் கையை வைத்து, “உம்மேல சத்தியமா நல்லாருக்காரு,” என்றாள்.